இரண்டாவது கையுறை

மைனஸ் முப்பத்தொன்று.
தார்ஹான் நகரில் அன்று
விட்ட மூச்சு கீழே விழுந்து நொறுங்கும் போலிருந்தது.
ஒன்பதாம் வகுப்பு, கடைசி மணிக்கு முன்
துகுல்துரின் நரித்தோல் தொப்பியில்
தண்ணீர் ஊற்றினான் பாத்துசோஜ்.
சிந்தாமல் ஏந்தியிருந்தவை
என் இரண்டு கைகள்.

ஜன்னலுக்கு வெளியே கால் மணி நேரம் வைத்தோம்.
சட்டிபோல் இறுகிவிட்டது.
துகுல்துர் அதை விரலால் தட்டிப் பார்த்தான்,
பனிக்கட்டியைச் சுவரில் மோதி உதிர்த்தான்,
மிச்சத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
சிமென்ட் ஆலைப் பக்கம் நடந்து போனான்.
திட்டியிருக்கலாம்.
திட்டவும் வாய் ஒத்துழைக்க வேண்டுமே.

புது ஆசிரியர் யாராவது வந்து பெயர் கேட்டால் போதும்,
வகுப்பே நாக்கைத் தயாராக வைத்திருக்கும்.
து… து… என்று அவன் தொடங்குவான்.
தூ, தூ என்று நாங்கள் முடித்துவைப்போம்.
சொந்தப் பெயரே எச்சிலாகி
அவன் முகத்துக்குத் திரும்பி வரும்.

தம்பியைக் கூட்டிவர
சனிக்கிழமைதோறும் நான் போகும் நிலவறை.
தலைக்கு மேல் வெந்நீர்க் குழாய்களின் உறுமல்.
வியர்வை, ரப்பர்,
யாரோ கட்டிக்கொண்டு வந்த ஆட்டிறைச்சி புவுஸ் வாசனை.
மூலையில் ஒருவன்
மின்கம்பியில் செய்த கயிற்றைத் தாண்டிக்கொண்டிருந்தான்.
தடுக்கியது. தாண்டினான்.
தடுக்கியது. தாண்டினான்.
அவன் பேச்சைப் போலவேதான்.
இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
எல்லோருக்கும் தடுக்கிக்கொண்டிருந்தது.

ரிங்குக்குள் அவனெதிரே இச்சின்ஹோர்லோ,
அவன் தோளுயரம்கூட இல்லை.
தன் கையுறையால் அவன் கையுறையைத் தொட்டாள்,
வரலாமா என்று கேட்பதுபோல்.
கண்ணைப் பார்த்தாள்.
பிறகுதான் மூக்கில் விட்டாள் ஒன்று.

ரத்தம் உதடு வரைக்கும் வந்தது.
அவன் சிரித்தான்.
மூன்று வருடமாக ஒரே வகுப்பு,
முன்பல் ஒன்று கோணல் என்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.
கேட்டுவிட்டு அடிக்கும் கை
எங்கள் வகுப்பில் யாருக்கும் இருந்ததில்லை.

ஒவ்வொரு குத்துக்கும் பல்லிடுக்கில்
ஸ்… ஸ்… என்று மூச்சை விட்டான்.
ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

மார்ச்சில் புதுக் கணக்கு ஆசிரியை வந்து பெயர் கேட்டார்.
எழுந்தான்.
இடதுகால் அரை அடி முன்னே,
தாடை கீழே, கண் மேலே.
து…
பாத்துசோஜ் காறிக் காட்டினான்.
து… து…
இரண்டு பேர் சிரித்தார்கள்,
துணைக்கு ஆள் தேடினார்கள், நிறுத்திக்கொண்டார்கள்.
பதிவேட்டைப் பார்த்து எடுத்துக்கொடுக்க
ஆசிரியை வாய் திறந்தார்.
கையைத் தூக்கித் தடுத்தான்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு நிலக்கரி லாரி
மெதுவாகக் கடந்து போனது.
பின் வந்தது:
துகுல்துர்.

உட்கார்ந்ததும் முழங்கால் நடுங்கியதை
மேசை காட்டிக்கொடுத்தது.
அன்று மாலையும் அவன் பை சாக்கடையில்தான் கிடந்தது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சனி.
வலது கையுறையைத் தானே கட்டிக்கொண்டான்,
பல்லால் இழுத்து.
இரண்டாவதற்கு இன்னொருவர் வேண்டும்.
எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் வேண்டும்.
தம்பி ஒற்றைக் காலணியைத் தேடிக்கொண்டிருந்தான்.
அருகில் நான் மட்டும்.
துகுல்துர் என் முகத்தைப் பார்த்தான்.
தொப்பியை ஏந்திய கைகளைப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
இடது கையை நீட்டினான்.

நாடா முழுக்க ஈரம், விரல் வழுக்கியது.
"இ…" என்றான்.
இறுக்கமா.
எனக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கலாம்.
முடிச்சைப் பிடித்தபடி
அந்தச் சொல் வந்து சேரும்வரை
நின்றிருந்தேன்.